அப்பாவுக்குப் பார்க்கின்சன் இருந்தால் எனக்கும் வருமா?

வணக்கம். பின்னால் ரயில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மொட்டை மாடிக்கும் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தூரம் ரொம்பக் குறைவு.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 66 வயதில் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்று சொல்லிவிட்டார்கள். "அக்கா, இது பரம்பரை வியாதியா? எனக்கும் வருமா? எச்சில் எடுத்து அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்கிறார்களாமே, செய்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் டாக்டர் இல்லை, உயிர்வேதியியல் படித்தவள். மருந்து பற்றி உங்கள் நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மரபணு எவ்வளவு, வயது எவ்வளவு என்பதை நான் சொல்கிறேன்.

தம்பி, உங்களுக்கு வராமல் இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால், மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு ஆபத்து கூடுகிறது. மடங்கு என்றதும் பயம் வருகிறது, புரிகிறது. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களிலேயே 100 பேரில் ஒருவருக்குத்தான் இந்த நோய் இருக்கிறது. அந்தச் சின்ன எண்ணை மூன்றால் பெருக்கினாலும் சின்ன எண்தான். ஒரே ஒரு மரபணுக் கோளாறு நேரடியாக நோயைக் கொண்டுவருவது பத்தில் ஒருவருக்குக்கூட இருக்காது. மற்ற எல்லோருக்கும் பெரிய காரணம் வயதுதான்.

பார்க்கின்சனில் மூளையின் ஒரு பகுதியில் உள்ள நரம்புச் செல்கள் அழிகின்றன. சரி, வயதானால் ஏன் குறிப்பாக இந்தச் செல்கள் போகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு சிறிய இடம் இருக்கிறது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அந்த நரம்புச் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. தோலில் பழைய செல் உதிர்ந்து புதுசு வருகிற மாதிரி இங்கே நடக்காது. பிறக்கும்போது இருந்த அதே செல்தான் எழுபது வயதிலும் வேலை செய்ய வேண்டும். வேலையும் லேசானது கிடையாது. யாரும் தூண்டாமலே இவை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் உள்ளே வரும். அதை வெளியே தள்ள ஆற்றல் வேண்டும். ஒரே செல் லட்சக்கணக்கான இணைப்புகளுக்குக் கிளை பரப்பியிருக்கும். அத்தனைக்கும் ஆற்றல் போக வேண்டும். ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்குச் சொந்தமாக டிஎன்ஏ உண்டு. வயது ஏற ஏற இந்த டிஎன்ஏவில் துண்டு துண்டாக இழப்புகள் சேர்கின்றன. நோயே இல்லாத வயதானவர்களின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலும் இந்த இழப்புகள் நிறைய இருப்பதை 2006இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அதாவது இது நம் எல்லோருக்கும் நடக்கிறது.

பழுதான மைட்டோகாண்ட்ரியாவையும் உருக்குலைந்த புரதங்களையும் அப்புறப்படுத்தச் செல்லுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. லைசோசோம் என்ற பை அவற்றைக் கரைத்துவிடும். வயதாக ஆக இந்த வேலையும் மந்தமாகிறது. நம் ஊர் மழைநீர் வடிகாலை நினைத்துக்கொள்ளுங்கள். மண் சேர்ந்த வடிகாலும் சாதாரண மழையைச் சமாளித்துவிடும். டிசம்பரில் ஒரே ராத்திரியில் கொட்டும்போதுதான் தெரு முழுகுகிறது. சில தெருக்களில் குழாயையே சிறிதாகப் போட்டிருப்பார்கள், அங்கே சீக்கிரம் முழுகும். அந்தச் சிறிய குழாய்தான் மரபணு.

இதுவரை கண்டுபிடித்த மரபணுக்களைப் பாருங்கள், பல இந்தச் சுத்தம் செய்யும் வேலையில்தான் வந்து நிற்கின்றன. பிங்க்-1 என்ற புரதம் பழுதான மைட்டோகாண்ட்ரியாவில் போய் நின்று அடையாளம் காட்டும். பார்க்கின் என்ற புரதம் வந்து அதை அழிவுக்கு அனுப்பும். பார்க்கின் மரபணுவை 1998இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். ஜிபிஏ-1 மரபணு லைசோசோமுக்குள் வேலை செய்யும் ஒரு நொதியைத் தருகிறது. அப்பா தந்தது, அம்மா தந்தது என்று அதன் இரண்டு பிரதியும் கெட்டால் கௌஷர் என்ற அரிய நோய் வரும். ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களுக்குப் பார்க்கின்சன் ஆபத்து கூடுகிறது என்பது 2009இல் பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வில் உறுதியானது. அப்படியிருந்தும் அந்த மாற்றத்தைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை.

இன்னொன்று ஆல்ஃபா-சினுக்ளின். நோயாளிகளின் செல்களுக்குள் உருண்டையாகத் திரண்டிருக்கும் லூயி உருண்டைகள் இந்தப் புரதத்தால் ஆனவை. 1997இல் இதன் மரபணுக் கோளாறு ஓர் இத்தாலியக் குடும்பத்திலும் சில கிரேக்கக் குடும்பங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டது. என்னை உலுக்கியது 2003இல் வந்த செய்தி. வேறொரு குடும்பத்தில் இந்த மரபணுவில் எந்தப் பிழையும் இல்லை, பிரதிகள் மட்டும் கூடுதலாக இருந்தன. நோய் இளம் வயதிலேயே, கடுமையாக வந்தது. அளவுக்கு மீறினால் அமிர்தமும் நஞ்சு என்பது செல்லுக்குள்ளும் அப்படியே நடக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் கல்யாணம் செய்வது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். பார்க்கின், பிங்க்-1, டிஜே-1 ஆகிய மூன்று மரபணுக்களிலும் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கெட்ட பிரதி வந்தால்தான் நோய் வரும். உறவுக்குள் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே கெட்ட பிரதி இருக்க வாய்ப்பு கூடுகிறது. இந்த வகையில் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே கை நடுக்கம், இறுக்கம், கால் விரல் இழுத்துக்கொள்வது எல்லாம் தொடங்கும். அதனால் 35 வயதில் ஒருவருக்கு இப்படி இருந்தால் "டென்ஷன், தூக்கம் சரியில்லை" என்று விட்டுவிடாதீர்கள். தயவுசெய்து நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பார்க்கின் கோளாறால் வருவது பொதுவாக மெதுவாகத்தான் போகும், மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும். யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. எந்த வழக்கத்தில் கல்யாணம் நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது போதும்.

அப்போது அந்த எச்சில் பரிசோதனை? தம்பி, உங்கள் அப்பாவுக்கு 66 வயதில் வந்திருக்கிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்கிறீர்கள். உங்கள் நிலையில் நான் செய்ய மாட்டேன். வீட்டுக்கு வரும் பெட்டிகள் சில ஒரு கைப்பிடி மாற்றங்களை மட்டுமே பார்க்கும். அவற்றில் பிரபலமானது எல்ஆர்ஆர்கே-2 மரபணுவின் ஜி2019எஸ் மாற்றம். வட ஆப்பிரிக்க அரபு, பெர்பர் மக்களிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் அது அதிகம், இந்தியர்களிடம் மிக அரிது. நம்மிடம் அதைத் தேடி "இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அதில் உங்களுக்கு ஒரு தகவலும் கிடையாது. ஜிபிஏ-1ஐப் படிப்பதும் சுலபமில்லை. அதன் பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப் போன்ற ஒரு போலி மரபணு உட்கார்ந்திருக்கிறது. இளம் வயதில் நோய் வந்தவர்கள், குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு உள்ளவர்கள் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். முதலில் நோயாளிக்குத்தான் செய்ய வேண்டும், பிள்ளைக்கு இல்லை.

கவனிக்க வேண்டியதைக் கவனியுங்கள். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், கனவில் நடப்பதற்கேற்ப தூக்கத்திலேயே கைகால் வீசிக் கத்துவது, இவை நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரலாம். கையெழுத்து பொடியாவதும், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பதும் அப்படித்தான். இவற்றில் ஒன்று இருந்தாலே பார்க்கின்சன் என்று அர்த்தமில்லை, டாக்டரிடம் சொல்லத் தகுந்தவை.

அப்புறம் பூனைக்காலி என்ற மூலிகை. அப்பாவுக்கு அந்தப் பொடி கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இன்று பார்க்கின்சன் மாத்திரையில் உள்ள லெவோடோபா என்ற மருந்து அந்த விதையில் உண்மையிலேயே இருக்கிறது. 1937இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சனுக்கு மருந்தாக ஆனது பல வருடங்களுக்கு அப்புறம்தான். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் பொடியில் எவ்வளவு லெவோடோபா என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். ஏற்கெனவே சின்டோபா என்ற லெவோடோபா மாத்திரை எடுப்பவர் மேலே இதையும் சேர்த்தால் அளவு எகிறி, கைகால் தன்னிச்சையாக ஆடலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஓடுகிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அப்பாவை நடக்க வையுங்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு, வாரம் மூன்று நாள். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் ட்ரெட்மில்லில் வேகமாக நடந்தபோது ஆறு மாதத்தில் அறிகுறிகள் பெரிதாக மோசமாகவில்லை என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இதயப் பிரச்சினை இருந்தால் முதலில் டாக்டர் அனுமதி. நடைப்பயிற்சிக்கு நீங்களும் கூடப் போங்கள், நடக்கும்போது திசை மாறித் திரும்புகையில்தான் இந்த நோயாளிகள் தடுமாறுவார்கள். மாத்திரை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் எப்படிப் பிரிப்பது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள், அடுத்த வீடியோவில் அதை மட்டும் பேசுகிறேன்.