இறக்கையை நீட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டபோது, கொழும்பில் பலருடைய கண்ணும் மொட்டை மாடியின் மேல் விழுந்தது. வசதியுள்ளவர்கள் சூரியத் தகடு பொருத்தினார்கள். கைவேலையில் நாட்டமுள்ள சிலர் காற்றாலை கட்டப் புறப்பட்டார்கள். இவர்களில் மரத்தை இழைத்து இறக்கை செய்யப் பொறுமையுள்ளவர்கள் குறைவு. அச்சில் வார்த்த ஃபைபர் கிளாஸ் இறக்கைகளை வாங்குகிறார்கள். இல்லையென்றால் பழைய காற்றாலையிலிருந்து கழற்றியதைத் தேடிப் பிடிக்கிறார்கள். கைக்கு வந்ததும் ஓர் எண்ணம் எழும்: நுனியில் இன்னும் ஓரடி ஒட்டினால் என்ன?

ஒட்டவேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆசையில் நியாயம் இருக்கிறது. நீளத்தை 10 வீதம் கூட்டினால் இறக்கை சுழலும் வட்டத்தின் பரப்பு 21 வீதம் கூடும்; கிடைக்கும் வலுவும் அதற்கேற்பக் கூடவேண்டும். ஆனால் இரண்டு மீற்றர் விட்டமுள்ள சுழலியை, அதாவது இறக்கைகள் பூட்டிய சுழலும் பாகத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்குப் பத்து மீற்றர் காற்றில் அதன் நுனி மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும். ஒரு கிலோ எடையுள்ள இறக்கை அந்த வேகத்தில் தன் அடிப்பக்க போல்ட்டுகளை ஏறத்தாழ 125 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டது போல் இழுக்கும். நீங்கள் ஒட்டும் துண்டு மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால், எடை சிறிதானாலும் இழுவை பெரிது. அடிப்பக்கத்தில் எத்தனை படை கண்ணாடியிழை போடவேண்டும் என்று செய்தவர் கணக்குப் பார்த்தது பழைய நீளத்துக்குத்தான்.

கை வைக்க உகந்த இடம் பின்விளிம்பு, அதாவது சுழலும்போது பின்னால் வரும் ஓரம். மலிவான வார்ப்பு இறக்கைகளில் அது மூன்று, நான்கு மில்லிமீற்றர் தடிப்பாக, மொட்டையாக நிற்கும். அங்கே காற்று சுழித்து இரைச்சலாகிறது, வேகமும் வீணாகிறது. 80ஆம் இலக்க அரத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, ஒரு பக்கத்தால் மட்டும் சாய்வாகத் தேய்த்து ஒரு மில்லிமீற்றரளவுக்குக் கொண்டுவாருங்கள். நுனிப்பக்க மூன்றிலொரு பங்குதான் வட்டப் பரப்பில் பாதிக்கு மேல் வாரிக்கொள்கிறது; ஆகவே உழைப்பை அங்கே செலவிடுங்கள். அடிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். காற்றில் முந்திச் செல்லும் முன்விளிம்பில், வார்ப்பு அச்சின் பொருத்துக்கோடு துருத்திக்கொண்டிருந்தால் அதை நீக்கி உருண்டையாக விடுங்கள். காற்றை வெட்டட்டும் என்று கத்தி போல் கூராக்குகிறவர்கள் உண்டு. கூரான முன்விளிம்பில் காற்று சீக்கிரமே மேற்பரப்பை விட்டுப் பிரிந்துவிடும், சுழலி சோம்பிப்போகும்.

தேய்க்கும்போது வரும் தூள் பொல்லாதது. முகக்கவசம், கண்ணாடி, நீளக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். பிள்ளைகள் உடுப்புக் காயப்போடும் மாடியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வெடிப்போ குழியோ இருந்தால் எபொக்சி ரெசின் என்ற இறுகும் பசையால் நிரப்புங்கள். முற்றிலும் இறுகிப்போன பழைய பரப்பில் பொலியெஸ்டர் ரெசினைவிட அதுவே நன்றாகப் பிடிக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் எபொக்சி காயும்போது மேலே எண்ணெய் போன்ற ஒரு படலம் வரலாம். தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட்டே அடுத்த படை போடவேண்டும். பொலியெஸ்டர்தான் கிடைத்தது என்றால் ஓர் எச்சரிக்கை: அதை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் கலவையையும் இறுக்கும் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். முகத்துவாரத்திலோ நீர்கொழும்பிலோ ஃபைபர் வள்ளம் பழுதுபார்ப்பவர் யாரையாவது தெரிந்தால், அவர் பக்கத்தில் நின்று அரை நாள் பாருங்கள்.

தேய்த்ததும் பூசியதும் எடையை மாற்றியிருக்கும். மூன்று இறக்கைகளும் தராசில் ஒரே எடை காட்டினால் போதும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொன்றையும் ஒரு பலகையின் விளிம்பின் மேல் குறுக்காகக் கிடத்தி, அது சமநிலையில் நிற்கும் புள்ளியைக் குறியுங்கள். சுழலியின் மையத்திலிருந்து அந்தப் புள்ளி இருக்கும் தூரத்தை எடையால் பெருக்குங்கள். மூன்று பெருக்கமும் ஒன்றாக வரவேண்டும். பிறகு மூன்றையும் பூட்டி, மின்விசிறியை நிறுத்திய அறையில் மெல்லச் சுழற்றிவிடுங்கள். எப்போதும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் பாரம் அதில்தான். இந்த வேலையில் அவசரப்பட்டால் அதிர்வு கம்பம் வழியாகச் சுவரில் இறங்கும். வெள்ளவத்தை அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் கதவைத் தட்டுவார்.

மே முதல் செப்டம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றில் முதல் சோதனை வேண்டாம். மார்ச், ஏப்ரலின் மெல்லிய காற்றில் பாருங்கள். கம்பத்தை நிமிர்த்துமுன் மின்பிறப்பாக்கியின் மூன்று கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் அதுவே தடையாக நின்று வேகம் பிடிக்க விடாது. விடுவித்தபின் இறக்கைகள் சுழலும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. ஒரு மணித்தியாலம் ஓடியதும் மீண்டும் முறுக்கி நிறுத்தி, கம்பத்தை இறக்கி, போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அந்த இறக்கையைப் பூசி மறைக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.