நம் வசதிக்கு வளையாத வழிகாட்டி

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, வேலை முடிந்த கையோடு வேப்பேரிக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

‘வாழ்க்கைக்கு நிலையான வழிகாட்டி வேதமா, அனுபவமா?’ இதுதான் இன்றைய கேள்வி. வேதம் என்று இங்கே சொல்வது பைபிளை; நான் அதன் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி, ‘பட்டால்தான் புத்தி வரும், படித்தால் வராது’ என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நன்றாகவே பேசினார். அதனால் அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அனுபவத்தை வைத்தே பேசும் ஒருவர் வேதத்திலும் இருக்கிறார். யோபுவின் நண்பர் எலிப்பாஸ். பிள்ளைகளைப் பறிகொடுத்து, சொத்தை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் யோபு. பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரி. அப்புறம் எலிப்பாஸ் வாயைத் திறக்கிறார். ‘நான் கண்டிருக்கிறபடி’ என்கிறார். தீமையை விதைத்தவன்தான் தீமையை அறுப்பானாம். அப்படியென்றால் யோபு ஏதோ செய்திருக்க வேண்டும் என்று பேச்சு போகிறது. எல்லாம் ஊர் உலகத்தைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுள் எலிப்பாஸைப் பெயர் சொல்லிக் கோபித்துக்கொள்கிறார். யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

எலிப்பாஸ்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு குழந்தை குறையோடு பிறந்தால், அந்தத் தாயின் காதில் விழும்படி ‘யார் செய்த பாவமோ’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள்தான். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, சீடர்கள் இதே கேள்வியை இயேசுவிடம் கேட்கிறார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று அவர் அடித்துச் சொல்லிவிடுகிறார். அந்தத் தாய்க்கு வேண்டியது எது? ஊர் அனுபவமா, இந்த வாக்கா?

அடுத்து தாவீது. ஆடு மேய்த்தவர், போர்க்களம் கண்டவர், தலைமறைவாக அலைந்தவர், அரசாண்டவர். அவரைவிட அனுபவம் யாருக்கு வேண்டும்? தம் படைவீரன் உரியாவின் மனைவியைச் சேர்த்துக்கொண்ட விஷயத்தில் அந்த அனுபவம் அவருக்கு என்ன செய்தது? தப்பை மறைக்க வழி சொல்லிக் கொடுத்தது. உரியாவைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பும் அளவுக்குச் சொல்லிக் கொடுத்தது. கடவுளின் வாக்கோடு தீர்க்கதரிசி நாத்தான் வந்து ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொல்லும்வரை தாவீதின் மனசாட்சி அசையவே இல்லை. அந்த மனசாட்சியைத்தான் எதிரணி நமக்கு வழிகாட்டியாகத் தரப் பார்க்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஓ.எம்.ஆர். பக்கம் உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் கட்டியவை எத்தனையோ. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களிடம் ஒரு பாடம் உண்டு: ‘ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்தால்தான் ஆள் ஓடமாட்டான்.’ இது ஏட்டுப் படிப்பு இல்லை, ஐயா. சுத்தமான அனுபவம். பலிக்கவும் செய்கிறது. வேதம் என்ன சொல்கிறது? கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. உபாகமம் 24 இன்னும் நெருங்கி வருகிறது. அவன் உன் சகோதரனாக இருந்தாலும் சரி, உன் ஊருக்கு வந்த அந்நியனாக இருந்தாலும் சரி, அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு. அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது. ‘எனக்கே பில் பாஸ் ஆகவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்பதற்கு அங்கே இடமே கிடையாது. ஓய்வுநாள் கட்டளையும் அப்படித்தான். நீ மட்டும் ஓய்ந்திருந்தால் போதாது. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும், உன் மாடும் ஓய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, பாத்திரம் தேய்க்கும் அம்மாவை வரவில்லையே என்று கடிந்துகொள்ளும் வீடுகள் இந்த வசனத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

என் அனுபவம் எனக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். அதில் கூலிக்காரனின் அனுபவம் சேராது. அவன் பக்கத்தையும் சேர்த்து என் முகத்துக்கு நேராகச் சொல்ல, நான் எழுதாத ஒரு வாக்கு எனக்கு வேண்டும்.

சரி, எதிரணித் தலைவர் ஒரு கனமான கேள்வி போட்டார். ‘வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சபைக்குள் சாதி பார்த்தார்களே, அது எப்படி?’ பார்த்தார்கள். தனித்தனி இருக்கை இருந்தது, தனித்தனி கல்லறை இருந்தது. இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை என்பது எனக்கு ஆறாத வேதனை. ஆனால் சாதியைக் கொண்டுவந்தது எது? ‘காலங்காலமாக இப்படித்தான்’ என்ற ஊர்ப் பழக்கம். 1833-ல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, இதே வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எதிர்த்துச் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது பழக்கத்தை. யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்ற கலாத்தியர் 3:28 அன்றும் அச்சில்தான் இருந்தது. அவர்கள் போனதற்காக அந்த வசனம் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஒற்றை வசனத்தைப் பிய்த்து எடுத்தால் எதையும் நியாயப்படுத்தலாம் என்றார்கள். உண்மைதான். இயேசுவைச் சோதித்தபோது சாத்தானும் வேதத்தின் 91-ஆம் சங்கீதத்தைத்தான் மேற்கோள் காட்டினான். இயேசு அதற்கு வேதத்தின் இன்னொரு வசனத்தைக் கொண்டே பதில் சொன்னார். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும், ஒற்றை வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை மேசையில் வைத்துவிட்டு, மற்ற பக்கங்களைத் திறக்காமல் இருந்தால் வழி தெரியாது. தினம் ஓர் அதிகாரம், பிடித்ததும் பிடிக்காததுமாக, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து வாசிக்கும் குடும்ப ஜெபத்தைத்தான் நான் சொல்கிறேன்.

வேதம் வெறும் ஆறுதல் மாத்திரை என்று இன்னொரு நண்பர் சொன்னார். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். கதறலில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஒரு வரிகூட ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்களுக்கு முன்னால் கூசாமல் திறந்து வாசிக்கக்கூடிய பக்கம் அது.

கடைசியாக, வேதம் அறியாதவர்கள் நல்லவர்களாக வாழவில்லையா என்று கேட்டார்கள். வாழ்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட இயேசு தம் கதையில் நிறுத்தியதே, யூதர்கள் ஒதுக்கி வைத்த ஒரு சமாரியனைத்தான். யார் நல்லவர் என்பது இன்றைய தலைப்பு இல்லை. எந்த வழிகாட்டி நிலையானது என்பதுதான் தலைப்பு. அதனால் எதிரணியில் அடுத்து வருபவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏமாற்றியவனை நம்பாதே, அடித்தவனைத் திருப்பி அடி என்றுதான் அனுபவம் சொல்லும். உங்களைத் துன்பப்படுத்துகிறவனுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று உங்கள் அனுபவங்களில் எது சொல்லிக் கொடுத்தது? அதற்கு அவர் பதில் சொல்லட்டும், நடுவர் ஐயா. மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.