கொன்ற கைக்கு ஓராண்டு தவம்

நண்பர்களே,

கி.பி. 295. ரோமானியர் ஆண்ட வட ஆப்பிரிக்காவில் தெவெஸ்தே என்ற ஊர். மாக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையனைப் படையில் சேர்க்க உயரம் அளக்கிறார்கள். படையில் சேர்ந்ததற்கு அடையாளமான ஈய முத்திரையைக் கழுத்தில் மாட்ட வருகிறார்கள். “நான் கிறிஸ்தவன், என்னால் முடியாது” என்கிறான். ஆளுநர் தியோன் பொறுமையாகப் பேசிப் பார்க்கிறார்: “பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் என்ன தீங்கு செய்கிறார்கள்?” “என்ன செய்கிறார்கள் என்று உமக்கே தெரியும்” என்கிறான் பையன். தலை போயிற்று.

ஆதித் திருச்சபையில் ஒருவர்கூட ஆயுதம் தொடவில்லை என்று மேடைகளில் அடித்துப் பேசுகிறோம். அது சரியில்லை. ஆளுநர் சொன்னதும் உண்மைதான்.

அப்புறம் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் வந்தார், பேரரசே கிறிஸ்தவமானது. நியாயமான போரும் உண்டு என்றார் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தினார். ஆனாலும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. போரில் கொன்றவர்கள் மூன்றாண்டு நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்காமல் இருப்பது நல்லது என்று அகுஸ்தினாருக்கு முன்பே சொல்லியிருந்தார் ஆயர் பசிலியார்.

எனக்கு வியப்பு தருவது 1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போர். வென்றவர் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியம். சில ஆண்டுகளில் ஆயர்கள் அவருடைய வீரர்களுக்கே ஒரு பட்டியல் போட்டார்கள். கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு தவம், அதாவது பாவப் பரிகாரம். அடித்த ஆள் செத்தானா பிழைத்தானா தெரியாதா, தலைக்கு நாற்பது நாள். எத்தனை பேர் என்றே தெரியாதா, சாகும்வரை வாரம் ஒரு நாள். தோற்றவர்கள் மேல் சுமத்திய தண்டனையல்ல இது. வெற்றி பெற்ற தங்கள் ஆட்களுக்கு விதித்தது.

முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1095இல் பிரான்சின் கிளர்மோன் நகரில் திருத்தந்தை இரண்டாம் உர்பன் கூட்டிய திருச்சபைச் சங்கம், முஸ்லிம் ஆட்சியிலிருந்த எருசலேமைப் பக்தியோடு மீட்கப் புறப்படுகிறவனுக்கு அந்தப் பயணமே முழுத் தவமாகும் என்றது. கொன்றதற்குத் தவம் என்பது போய், போருக்குப் போவதே தவம் என்றாயிற்று. என்னைக் கேட்டால், கான்ஸ்டன்டைன் காலத்தைவிடப் பெரிய திருப்பம் இதுதான்.

மெனோனைட்டுகள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பின்னாளில் ஆயுதத்தை மறுத்தார்கள், சிறுபான்மையாகவே இருந்தார்கள்.

1943க்கு வருவோம். ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் ஹிட்லரின் படைக்காகப் போரிட மாட்டேன் என்கிறார். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். லின்ஸ் மறைமாவட்ட ஆயரையே போய்ப் பார்த்தார். போரின் நியாயத்தை முடிவு செய்வது உன் வேலையல்ல, குடும்பத்தைப் பார் என்று அறிவுரை கிடைத்தது. அன்று ரோமானிய ஆளுநர் பேசிப் பார்த்ததை இன்று ஆயர் பேசினார். ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டது.

2007இல் அதே லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். மனைவி பிரான்சிஸ்கா வந்திருந்தார். அப்போது அவருக்கு 94 வயது.