அம்மா ஏன் அழவில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அப்பா தவறி இரண்டு மாதமாகிறது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கருமக்கிரியை முடிந்த மறுநாளே செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போய்விட்டார். மனதில் ஏதும் கோளாறா? எப்படியாவது அழவைத்துவிட வேண்டுமா?" இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வதுதான்: மனத்தற்காப்பு என்பது நடிப்பு இல்லை. தாங்க முடியாததை மனம் தானாகவே கொஞ்சம் தள்ளி வைக்கிறது. பெரும்பாலும் அது அந்த ஆளுக்கே தெரியாது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டின் மகள் அன்னா ஃபிராய்ட் 1936-இல் இவற்றையெல்லாம் வகைப்படுத்தி எழுதினார்.

ஆனால் எங்கள் தோட்டத்து லயத்தில் ஓர் அக்காவுக்கு இது படிக்காமலே தெரியும். அவர் கணவரைக் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் ஏசுவார். மனிதர் வாய் திறக்கமாட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி வாசலில் எறிவார். உப்பு சரியாகத்தான் இருக்கும். அக்கா சோற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டே என் அம்மாவிடம், "இன்னைக்குப் பெரட்டுல என்னமோ நடந்திருக்கு" என்பார். அந்தக் கணவரைக் கேட்டுப் பாருங்கள், ரசத்தின் மேல்தான் கோபம் என்று சத்தியம் செய்வார். தெரியாமல் நடப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். துக்கம் இருப்பது தெரிந்தே, "இப்போது வேண்டாம், அப்புறம் பார்ப்போம்" என்று ஒத்திவைப்பது ஒன்று. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய நீண்ட ஆய்வைப் பல ஆண்டுகள் நடத்திய மனநல மருத்துவர் ஜார்ஜ் வேலண்ட், இதை முதிர்ந்த தற்காப்புகளில் சேர்த்திருக்கிறார். நடந்ததையே மனம் ஏற்காமல் மறுப்பது வேறு. அப்பா இறந்ததை அம்மா வாய்விட்டுச் சொல்கிறாரா, அப்பாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்துக்கு எழுதிப் போட்டாரா என்று பாருங்கள். சொல்கிறார், செய்கிறார் என்றால் மறுப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அழவைக்கப் போகாதீர்கள். அந்த வேலைதான் இன்று அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைப் பிடுங்கினால் கையில் வேறு என்ன கொடுப்பீர்கள்?

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன், தம்பி. நீங்கள் அழுதீர்களா? கடிதம் முழுக்க அம்மாதான் இருக்கிறார். அப்பாவைப் பற்றி உங்கள் வருத்தமாக ஒரு வரிகூட இல்லையே. நம் துக்கத்தைப் பார்க்க முடியாதபோது பக்கத்தில் இருப்பவர் துக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கவலைப்படுகிறோம். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். குற்றமாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் அம்மாவிடம், அப்பா முதன்முதலில் எந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லும்வரை எழுந்து போகாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால், இரண்டு பேரில் யாராக இருந்தாலும், அரசாங்கக் கிளினிக்கில் போய்க் காட்டுங்கள்.