அப்பத்துக்காக வந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகிறவர்களைக் கேட்கிறேன்: ஏன் போகிறீர்கள்? ஆராதிக்கத்தான் என்று வாய் முந்திக்கொள்ளும். மனம் பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். மகளுக்கு வரன் அமைய வேண்டும். சபைத் தேர்தல் நெருங்குகிறது, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். போகாவிட்டால் அம்மா வருத்தப்படுவாள். இப்படி ஏதாவது ஒன்று மெல்லத் தலை காட்டும்.

எங்கே பேசினாலும் நான் யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்துக்கு வந்துவிடுவேன். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் ஆண்கள். இயேசு பகிர்ந்து கொடுக்க, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மறுநாள் மக்கள் படகேறி கப்பர்நகூமுக்கு அவரைத் தேடி வருகிறார்கள். ரபீ, அதாவது போதகரே, எப்போது இங்கே வந்தீர் என்று விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இயேசு பதில் சொல்லவே இல்லை. நேற்று வயிறு நிறைந்தது, அதனால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

ஆனால் முந்தின நாளை நினைத்துப் பாருங்கள். ஏன் வந்தாய் என்று ஆளாளுக்கு விசாரித்துவிட்டா பந்தியில் உட்காரவைத்தார்? இல்லை. உள்நோக்கத்தைச் சொன்ன பிறகும் அவர்களைத் துரத்தவில்லை. திரும்பவும் சொல்கிறேன், அவர் துரத்தவில்லை. நெடுநேரம் பேசினார். பேச்சு கடினமாக இருக்கிறதென்று அவருடைய சீடர்களிலேயே பலர் தாங்களாகவே விலகிப் போனார்கள். ஆகவே, எதற்காக வந்தோம் என்பதைவிட, வந்த காரியம் முடிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். மகனின் விசாவுக்காக உபவாசக் கூட்டத்துக்கு வந்தவர், விசா கிடைத்த அடுத்த வாரம் எங்கே இருக்கிறார்? கிடைக்காமல் போனால் எங்கே இருக்கிறார்?

எங்கள் சபையில் ஒரு பாட்டி இருக்கிறார். "வீட்டில் பேச ஆள் இல்லை, அதனால் வருகிறேன்" என்பார். திருவிருந்துக்குப் போகும்போது ஒவ்வொரு பெஞ்சாகப் பிடித்துப் பிடித்து நடப்பார். இரண்டு கைகளையும் குவித்து அப்பத்தை வாங்குவார். அவர் சொல்லும் காரணத்தைத் தாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதுவும் பசிதான்.

நான் அஞ்சுவது வேறொரு காரணத்துக்கு: பிறரைவிட மேலே உட்காருவதற்காக வருவது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று எழுதினார். தஞ்சாவூரில் பலர் அதை ஏற்காமல் விலகி நின்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872 வாக்கில் எழுந்த ஆலயத்தில் பீடம் ஒன்று, அதை நோக்கிய கூடங்கள் இரண்டு. சாதிக்கு ஒரு கூடம். அங்கே முழங்காலிட்டவர்கள் எதை நாடி வந்தார்கள்? சுவர் இல்லாத இன்றைய ஆலயங்களிலும், பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தால் நாம் நகர்ந்து உட்காருகிறோம் என்று பாருங்கள்.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். மத்தேயு 5:23, 24 பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, நம்மேல் மனக்குறை உள்ள சகோதரனிடம் முதலில் போகச் சொல்லும் பகுதி அது. சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்காரும் அண்ணன் தம்பிகள், அடுத்த ஞாயிறு புறப்படுமுன் அந்த இரண்டு வசனங்களையும் வாசித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.