கேட்டால்தான் சொல்வார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் நாம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். எந்த ஊர், என்ன வேலை. இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் ஆளைத் தெரிந்துகொண்டதாக நினைத்து நகர்ந்துவிடுகிறோம். தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும், குழந்தைகளை அழைத்துப்போக வரும் பெரியவர்களிடம் மூன்றாவதாக ஒன்றையும் கேட்டு வந்தேன். "வேலை இருக்கட்டும், உங்களுக்கென்று கைவந்தது ஏதாவது இருக்கிறதா?"

அநேகமாக எல்லோரும் முதலில் சொன்னது ஒரே பதில்தான்: "எனக்கு என்ன தெரியும் டீச்சர்?" உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விடாமல் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். பிறகுதான் விஷயம் மெல்ல வெளியே வரும்.

வடசென்னை என்றால் குத்துச்சண்டை, கானா, கால்பந்து என்று ஊரே சொல்லும். அவை மேடை ஏறிவிட்ட திறமைகள். மேடை ஏறாதவற்றைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என் மாணவி ஒருத்தியின் தாத்தா, பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நாட்களில் ரயில் வந்து நின்றதும் நீண்ட கைப்பிடி போட்ட சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார்கள். பழுதில்லாத சக்கரம் கணீரென்று ஒலிக்கும்; அந்த நாதம் சற்று நேரம் நின்று, பிறகு அடங்கும். விரிசல் விட்ட சக்கரத்தில் ஒலி மழுங்கி, எழும்போதே அமுங்கிவிடும். விரிசலின் இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி அதிர்வை விழுங்கிவிடுவதுதான் காரணம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று நம் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அன்றிலிருந்து இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்கு ரயில்தான் சோறு போட்டது. இப்போது உலோகத்துக்குள் இருக்கும் விரிசலைக் கண்டுபிடிக்க மீயொலிக் கருவிகள் வந்துவிட்டன. காதை மட்டும் நம்பியிருந்த தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது.

ஒரு பொங்கலுக்குப் பள்ளியில் வைக்க, கொசப்பேட்டையிலிருந்து மண்பானைகள் வாங்கி வந்திருந்தோம். பேத்தியை அழைத்துப்போக வந்த அந்தப் பெரியவர் திண்ணையில் இருந்த பானைகளைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தானாகவே ஒன்றைக் கையில் ஏந்தி, விரல் முட்டியால் தட்டினார். கழுத்தில் ஒரு தட்டு, வயிற்றில் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். மூன்றாவது பானையைத் தனியாக எடுத்து வைத்து, "இது வேண்டாம் அம்மா. அடியில் மயிரிழை விட்டிருக்கிறது. அடுப்பில் ஏற்றினால் பிளந்துவிடும்" என்றார். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடிப்புறத்தில் நூல் பிடித்தாற்போல ஈரக்கோடு ஒன்று தெரிந்தது.

"தாத்தா, இதை ஏன் நீங்கள் யாரிடமும் சொன்னதில்லை?" என்று கேட்டேன்.

"இதில் சொல்ல என்ன அம்மா இருக்கிறது? காது இருக்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்தானே!"

தன்னடக்கத்தில் சொன்ன பதில் அல்ல அது. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கிறது என்று அவர் மனதார நம்பியிருந்தார். பிறர் காதைக் கடன் வாங்கிக் கேட்டுப் பார்க்க முடியாதே! தனக்கு இயல்பாக வருவது மற்றவர்களுக்கு வராது என்பது ஒருவருக்கு எப்படித் தெரியும்? பல திறமைகள் ஒளிந்து கிடப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்ற செவிலியர். கணவர் உடலின் வாசனை மாறிவிட்டதை ஒரு கட்டத்தில் அவர் உணர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் போலக் கழிந்த பிறகுதான் கணவருக்கு, கைகால் நடுக்கமும் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. பின்னர் அதே நோய் உள்ளவர்கள் கூடிய இடத்துக்குப் போனபோது, அதே வாசனை அங்கே பலரிடம் வீசியது. 2012-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டிலோ குனத்தின் கூட்டத்தில் எழுந்து, இந்த நோயாளிகளின் வாசனை ஏன் வேறாக இருக்கிறது என்று அவர் கேட்டார். பிறகு அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். 12 பேர் அணிந்த சட்டைகளைக் கொடுத்தார்கள். 6 பேர் நோயாளிகள், 6 பேர் நலமாக இருப்பவர்கள். நோயாளிகள் ஆறு பேரையும் சரியாகச் சொன்னவர், நலமாக இருந்த ஒருவருக்கும் நோய் இருப்பதாகச் சொன்னார். அந்த ஒன்றைத் தவறு என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்தச் சட்டையை அணிந்தவருக்கும் பார்க்கின்சன் நோய் உறுதியானது. அந்த வாசனைக்குக் காரணமான, தோலின் எண்ணெய்ப் பசையில் இருக்கும் வேதிப்பொருள்களைப் பற்றிய ஆய்வு 2019-ல் வெளியானது. ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து கேட்டதால் ஓர் ஆராய்ச்சித் துறைக்கே வழி பிறந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் திருவொற்றியூரில் இருக்கும் ஆயா ஒருவர் நினைவுக்கு வந்தார். மகன்களும் மருமகள்களும் சேர்ந்து வாழும் வீடு. பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பள்ளிச் சீருடை, ஏறக்குறைய ஒரே அளவு. மாலையில் கழற்றிப் போட்ட சட்டைகள் கலந்து கிடந்தால் ஆயா ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுபோய், இது பெரியவன் பிள்ளையுடையது, இது சின்னவளுடையது என்று பிரித்துவிடுவார். தாய்மார்கள் தம் குழந்தையின் வாசனையை அறிவார்கள் என்பதை ஆய்வுகளே சொல்கின்றன. இவர் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அறிகிறார். வீட்டில் அதை யாரும் திறமையாகப் பார்க்கவில்லை. "ஆயா அப்படித்தான்" என்பதோடு சரி.

முகங்களிலும் இப்படி ஒரு வகை உண்டு. ஒருமுறை பார்த்த முகத்தை ஆண்டுகள் கழிந்தும், தாடி வளர்த்திருந்தாலும், கூட்டத்தில் பாதி மறைந்திருந்தாலும் அடையாளம் காண்பவர்கள். 2009-ல்தான் ஆய்வாளர்கள் இவர்களைத் தனி வகையாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். லண்டன் போலீஸில் இத்தகையவர்களுக்கென்றே ஒரு பிரிவு அமைத்தார்கள். நம்மூரில் இவர்கள் ரேஷன் கடையிலும் பஸ் நடத்துநர் இருக்கையிலும் இருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்ததாக நினைவாற்றல். அவதானக் கலை பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல் நம் சென்னையின் விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் வைக்கும் வித்தையைச் செய்து காட்டினார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். இன்னொருவர் இடையிடையே மணி அடிப்பார். வேறொருவர் முதுகின்மேல் கல்லையோ நெல்லையோ எறிந்துகொண்டிருப்பார். எல்லாவற்றையும் மனதில் எண்ணி வைத்து, முடிவில் ஒவ்வொருவருக்கும் விடை சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழகம் கொடுத்த மரியாதை முழுக்கத் தகுந்தது.

வியாசர்பாடியில் காலை நேர இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்டபம் நினைவுக்கு வரும். ஏழரை மணிக்குக் கடையைச் சுற்றி நான்கு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். யார் எத்தனை இட்லி வாங்கினார்கள், யாருக்கு இரண்டாம் முறை வடை, யாருக்குப் பார்சல், நேற்றைய பாக்கி எவ்வளவு, எதற்கும் சீட்டு கிடையாது. மாவு ஊற்றும் கை நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும் மகன் தடுமாறினால் அதையும் திருத்துவார். பத்து ரூபாய்கூட மாறியதில்லை என்று சாப்பிட வருகிறவர்களே சொல்கிறார்கள். எப்படி முடிகிறது என்று ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"கணக்கை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை டீச்சர். அவர்கள் நிற்கிற இடத்திலேயே வைத்துவிடுவேன். கம்பத்தடியில் நான்கு இட்லி, குழாயடியில் ஆறும் ஒரு வடையும். ஆள் இடம் மாறி நின்றால்தான் கொஞ்சம் சிரமம்."

இடத்தோடு செய்தியைப் பிணைத்து நினைவில் நிறுத்தும் இந்த முறையைப் பண்டைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் பயிற்சியாகவே கற்றார்கள். நீண்ட உரையின் பகுதிகளை ஒரு கட்டடத்தின் அறைகளில் மனதால் வைத்துவிட்டு, பேசும்போது அறை அறையாக நடந்து எடுத்துக்கொள்வார்கள். அக்கா அதை யாரிடமும் கற்கவில்லை. தன் அடுப்படியில், தன் தேவைக்காகத் தானே கண்டுபிடித்தார். ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லும்போது "நான் படிக்காதவள்" என்றுதான் தொடங்குகிறார். அந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் வலிக்கிறது.

தெரியாமல் ஒளிந்து கிடப்பது ஒரு வகை. தெரிந்தே ஒளித்து வைப்பது இன்னொரு வகை. கொருக்குப்பேட்டையில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் சீழ்க்கையில் ராகம் இசைப்பார். நாக்கை மடித்து உரக்க அடிக்கும் சீழ்க்கை அல்ல. உதட்டைக் குவித்து, காற்றை மெல்ல விட்டு எழுப்புவது. உள்ளே நாக்கு முன்னும் பின்னும் நகர, வாய்க்குள் இருக்கும் வெற்றிடம் குறுகியும் விரிந்தும் சுருதி மாறுகிறது. உள்ளிழுக்கும் மூச்சிலும் அவருக்கு ஒலி அறுபடுவதில்லை. மோகனத்தை அவர் இசைத்துக் கேட்டேன். சுரங்களை அசைத்து இசைக்கும் கமகம் ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்தது.

அவர் சாதகம் செய்வது மொட்டை மாடியில், அதுவும் சரக்கு ரயில் போகும்போதுதான். அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்துக்குக் கேட்காது. பெண் பிள்ளை சீழ்க்கை அடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சிறுவயதில் அடி வாங்கியிருக்கிறார். கட்டிக்கொண்ட கணவருக்கே திருமணமாகி வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். குரலால் பாடினால் கச்சேரி, குழலால் ஊதினால் கச்சேரி, ஒரு பெண்ணின் உதட்டிலிருந்து வந்தால் மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? இதில் எனக்குச் சமாதானமே இல்லை. அம்மா, நீங்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், ரயில் வராதபோதும் இசையுங்கள்.

கேரம் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்றார். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இருவருமே எளிய குடும்பத்துப் பிள்ளைகள். தெருவில் ஒரு பலகை இருந்தது, எதிரே உட்கார ஆள் இருந்தது, விதிகள் இருந்தன, போட்டிகள் இருந்தன. அதனால் அந்த விரல்களின் அருமை வெளியே தெரிந்தது. பானையைத் தட்டிப் பார்க்கும் காதுக்குப் போட்டி நடத்துபவர்கள் யார்?

கடைசியாக, வண்ணாரப்பேட்டைக்கே உரிய ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி வணிகத்துக்காகத் துணி வெளுப்பவர்கள் குடியேறிய பகுதி அது. வீடு வீடாகத் துணி எடுத்து வெளுத்துத் தந்த காலத்தில், எந்தத் துணி யாருடையது என்று அறிய ஓரத்தில் குறி இடுவார்கள். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் கசியும் சாற்றைத் தொட்டு, புள்ளியும் கோடுமாக வைப்பார்கள். மேலே சுண்ணாம்பு தடவினால் கறுப்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்பளித்துவிடும். குறி இடுபவர்களின் விரல்களில் அந்தத் தழும்பு இருக்கும். போலீஸார்கூட ஒரு காலத்தில் இந்தக் குறிகளை வைத்து ஆட்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மூதாட்டிக்கு அந்தக் குறிகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒரு கோட்டின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் மாமரத்து வீடு. அதே கோடு சாய்ந்திருந்தால் அந்த வீட்டு மாடியில் குடியிருந்த வாத்தியார். அவர் வரைந்து காட்டும்போது விரல் எங்கும் தயங்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வீட்டார் சொல்கிறார்கள். தெரு தெருவாக, வீடு வீடாக ஒரு பெரிய பதிவேட்டையே தலையில் வைத்திருப்பவரை எப்படி அப்படிச் சொல்வது? கல்லூரியில் படிக்கும் அவருடைய பேத்தி, இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடாத நோட்டில் குறிகளை வரைந்து, எதிரே வீட்டு விவரத்தை எழுதி வருகிறாள். மற்ற வீதிகளுக்குக் குறி வைத்தவர்கள் வேறு குடும்பத்தார் என்பதால், அவளிடம் பல பக்கங்கள் காலியாக இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் வைத்த வேட்டியோ போர்வையோ இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவரிடமோ அவர் வீட்டு மூத்தவர்களிடமோ கொண்டுபோய்க் காட்டி, இது யார் வைத்த குறி, எந்த வீட்டுக்கு உரியது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அந்தத் துணியோடு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.