அதே ஆள், அதே பெக்கோ

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சியில் இருந்து சின்னக் கொந்தராத்துக்காரர் சிலருக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். குளக்கட்டு, துருசு, உள்வீதி, பள்ளிக்கூட மலசலகூடம் என்று அரசாங்க வேலை செய்கிறவர்கள் அவர்கள். வரியைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். எத்தனை வீதம், எந்தப் படிவம் என்பதெல்லாம் கந்தோரில் கேட்டால் சொல்வார்கள். வரிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்ற கேள்விதான் எங்கள் ஆட்களைக் கவிழ்க்கிறது. இன்றைக்கு அதைப் பேசலாம்.

முதலில் கொஞ்சம் தூரத்தில் இருந்து தொடங்குகிறேன். என் மருமகன் ஒருவன் இங்கிலாந்தில் கணினி வேலை செய்கிறான். தன் பெயரில் ஒரு சின்னக் கம்பனி பதிந்து, அதன் வழியாக ஓர் அரச நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தான். 2017 ஏப்ரலில் ஒரு நாள் தொலைபேசி எடுத்தான். "மாமா, நேற்றுவரைக்கும் நான் முதலாளி. இண்டைக்கு என்னை வேலைக்காரன் எண்டு சொல்லுகினம்" என்றான்.

நடந்தது இதுதான். கம்பனி என்ற போர்வைக்குள் இருந்தாலும், செய்கிற வேலை சம்பளக்காரனின் வேலை போலிருந்தால் சம்பளக்காரன் போலவே வரி கட்ட வேண்டும் என்று அங்கே 2000ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஐ.ஆர்.35 என்பார்கள். ஆனால் தான் எந்தப் பக்கம் என்பதை அதுவரை அவனவனே தீர்மானித்தான். 2017 ஏப்ரல் 6 முதல், அரச துறையில் அந்தத் தீர்மானம் வேலை கொடுக்கும் நிறுவனத்தின் கைக்குப் போனது. நிறுவனம் 'உள்ளே', அதாவது சம்பளக்காரன் போலத்தான், என்று சொன்னால் வரியைக் கழித்துவிட்டுத்தான் காசு வரும். ஆனால் சம்பளத்தோடு வரும் விடுமுறையோ சுகவீன லீவோ அதனால் கிடைத்துவிடாது. வரிக்கு வேலைக்காரன், சலுகைக்கு அந்நியன். பலர் 'குடைக் கம்பனி' என்ற இடையாட்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். சம்பளம் அந்தக் கம்பனி வழியாக வரும், அதற்குரிய கூலியும் அவர்கள் காசிலேயே போகும்.

2021இல் நடுத்தர, பெரிய தனியார் கம்பனிகளுக்கும் இதே விதி வந்தது. 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி, இரண்டையும் நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஒக்ரோபர் 17ஆம் திகதி, இல்லை நீக்கவில்லை என்று சொல்லிவிட்டது. மூன்றரைக் கிழமை! அதற்குள் அடுத்த வருடத்துக்கு விலை பேசியவர்களும் இருந்திருப்பார்கள். இதில் இன்னொரு வேடிக்கை, விதியைப் போட்ட அரசாங்கத்தின் அமைச்சுகளுக்கே அது சரியாக விளங்கவில்லை. தவறாகத் தீர்மானித்ததற்காக மத்திய அரசின் திணைக்களங்கள் கட்டவேண்டி வந்த தொகை, 2020-21 கணக்கில் மட்டும் 26 கோடியே 30 இலட்சம் பவுண்.

ஒருவர் வேலைக்காரனா, சொந்தத் தொழில் செய்பவரா என்ற கேள்வி அங்கே ஒரு கொங்கிறீற் லொறிச் சாரதியின் வழக்கில் நன்றாக அலசப்பட்டிருக்கிறது. 1968இல் வெளிவந்த தீர்ப்பு. லொறியைத் தவணையில் வாங்கியவர் சாரதி. பூசியிருந்தது கம்பனியின் நிறம், போட்டிருந்தது கம்பனியின் சீருடை. ஆனாலும் லொறியைப் பழுதுபார்ப்பது அவர் செலவு. தான் ஓட்ட முடியாவிட்டால் வேறொருவரை வைத்து ஓட்டவும் அவருக்கு இடம் இருந்தது. அதனால் அவர் வேலைக்காரன் அல்ல, சொந்தத் தொழில் செய்பவர் என்றார் நீதிபதி. எங்கள் பக்கம் லீசிங்கில் டிப்பர் எடுத்து ஒரே ஆளுக்கு வருடக்கணக்காக மண் ஏற்றுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

சரி, வன்னிக்கு வருவோம். இங்கே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது: வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்கு நீங்கள் உள்ளேயா, வெளியேயா?

வருடத்துக்கு 7 கோடி ரூபாவுக்கு வேலை செய்யும் ஒருவரை வைத்துக்கொள்வோம். மண் வெட்டும் பெக்கோ, டீசல், சீமெந்து, கம்பி என்று பார்த்தால் 7 கோடி பெரிய தொகை இல்லை. வருட வியாபாரம் ஓர் எல்லையைத் தாண்டினால் வற் வரிக்குப் பதிய வேண்டும். 2019இல் அந்தப் பதிவு எல்லை 1 கோடி 20 இலட்சம், ஆகவே அவர் உள்ளே. 2020 ஜனவரியில் எல்லை 30 கோடிக்கு ஏறியது, வெளியே. 2022 ஒக்ரோபரில் 8 கோடிக்கு இறங்கியது, அப்போதும் வெளியே. 2024 ஜனவரியில் 6 கோடியானது, மறுபடி உள்ளே. அதே ஆள், அதே பெக்கோ, அதே குளக்கட்டு. இதற்கிடையில் வரி வீதம் 15இலிருந்து 8, பிறகு 12, மறுபடி 15, கடைசியில் 18.

எங்கள் வேலைக்கு ஒரு காலநிலை இருக்கிறது. மாரி தொடங்கமுன் கட்டு முடிய வேண்டும். ஆடி, ஆவணியில் ஒப்பந்தம், மழைக்கு முன் வேலை, பில் கைக்கு வரும்போது அடுத்த வருடம் பிறந்துவிடும். புது வரி விதிகளோ பெரும்பாலும் ஜனவரியிலோ ஏப்ரலிலோ வருகின்றன. பழைய விதியில் விலை போட்டவர் புது விதியில் மாட்டுப்படுவது இப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒருவர், வெளியே இருந்தபோது போட்ட விலைக்கு மேலே வற் கேட்டார். "உங்கட விலைமனுவில வற் காட்டேல்லையே" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த அலுவலகத்திலும் பிழை சொல்ல ஏலாது, மதிப்பீட்டில் இல்லாத காசை அவர்கள் எங்கே எடுப்பது?

பெரிய சர்வதேச ஒப்பந்தங்களில், விலைமனு முடிவுத் திகதிக்கு 28 நாளுக்கு முந்திய நாளை அடிப்படையாக வைத்து, அதன் பின் சட்டம் மாறினால் விலையைத் திருத்தலாம் என்ற வாசகம் இருக்கும். ஒற்றைத்தாள் விலைக்கோரலில் அது இருக்காது. நீங்களாகவே எழுத வேண்டும்: "இன்றைய திகதியில் நான் வற் பதிவில் இல்லை. பின்னர் பதிய நேர்ந்தால் வரி இந்த விலைக்குப் புறம்பானது." ஏற்பார்களா? சில இடத்தில் ஏற்க மாட்டார்கள். அப்போதாவது விலையை யோசித்துப் போடலாம்.

அப்புறம், கம்பனி பதியாமல் தனியாளாகக் கிரவல், கல், மணல் விநியோகம் செய்கிறவர்களுக்கு ஒன்று. கேள்விப்பத்திரம் அல்லது விலைக்கோரல் மூலம் பொருள் கொடுத்தால், மாதக் கொடுப்பனவு ஓர் எல்லையைத் தாண்டும்போது வருமான வரிக்கென்று 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் காசு தருவார்கள். 2020இல் அதை நிறுத்தினார்கள், 2023 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1,80,000 ரூபா பில்லில் 9,000 போகும். வருடத்தில் மூன்று பில் மட்டும் என்றால் அவருக்கு வருமான வரியே வராது, ஆனால் 27,000 ரூபா இறைவரியிடம் கிடக்கும். பிடித்ததற்கான சான்றிதழை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, வருமான விபரத் திரட்டோடு போட்டால் அந்தக் காசைத் திரும்பக் கோரலாம். சான்றிதழ் கேட்கப்போனால் அடுத்த வேலை தரமாட்டார்கள் என்ற பயத்தில் கேட்காமல் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். இந்த மாதம் பில் போட்டவர்கள் நாளைக்கே போய்க் கேளுங்கள், ரின் எனப்படும் உங்கள் வரி அடையாள இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அங்கால் கை காட்டுகிறார்கள். வணக்கம்.